டாக்டருக்கும் அதே முட்டிவலி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் விற்றுக்கொண்டிருந்தேன். காந்திபுரத்தில் சின்னக் கடை. வாங்குகிறவர் வீட்டுக்கே போய்க் கிரைண்டரை இறக்கி, மட்டம் பார்த்து வைத்து, முதல் மாவை நானே அரைத்துக் காட்டிவிட்டு வருவது எங்கள் கடையின் வழக்கம். அந்தக் காலத்துக் கிரைண்டர் தரையில்தான் நிற்கும். அதனால் அரைத்துக் காட்டுகிறவனும் தரையில்தான் உட்கார வேண்டும். வினை அங்கேதான் வந்தது.

தொண்டாமுத்தூருக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்பு வீடு. புதிதாகக் கட்டியது. சமையலறையில் கிரைண்டரை வைத்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அரிசியைப் போட்டு அரைத்தேன். மாவு வெண்ணெய் மாதிரி வந்தது. வீட்டம்மா விரலில் தொட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். நான் எழுந்துகொள்ள வேண்டிய நேரம். வலது காலை மடக்கி ஊன்றினேன். முட்டிக்குள் யாரோ அப்பளத்தை நொறுக்கிய மாதிரி ஒரு சத்தம். பிறகு வலி. மறுபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் முறை முயன்றேன். ஆகவில்லை. வெட்கமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காதே என்று கிரைண்டரின் பெல்ட்டைத் தடவிப் பார்த்தேன். டிரம்மைத் தட்டிப் பார்த்தேன். காதை வைத்து மோட்டாரைக் கேட்டேன்.

"ஏனுங்க, இன்னும் ஏதாச்சும் பாக்கோணுங்களா?" என்றார் வீட்டம்மா.

"பெல்ட் சூடாகுதான்னு பாக்கறனுங்க."

"மோட்டாரை நிறுத்தி வெகு நேரமாச்சுங்களே?"

"சூடு ஆறுதான்னு பாக்கறனுங்க."

டீ வந்தது. குடித்தேன். அவர்கள் அந்த மாவிலேயே தோசை ஊற்றினார்கள். அதையும் உட்கார்ந்தபடியே சாப்பிட்டேன். வேலை முடிந்த ஆள் அடுப்படியை விட்டு நகரமாட்டேன் என்கிறானே என்று அந்த அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பின்வாசலுக்குப் போய்த் தோப்பிலிருந்த கணவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, சித்த வாங்க. கிரைண்டர்க்காரரு எந்திரிக்க மாட்டீங்கறாருங்க!"

கணவர் வந்து பார்த்தார். அதற்குமேல் மறைக்க வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, பாவம். தோப்பில் காய் இறக்கிக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டார். ஒருவர் இந்தப் பக்கக் கக்கத்தில், ஒருவர் அந்தப் பக்கக் கக்கத்தில், வீட்டுக்காரர் பின்னாலிருந்து இடுப்பில். "ஏப்பா, புடி, புடி" என்று என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். நிறுத்தி முடித்ததும் காய் இறக்குகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. கிரைண்டரே தேவலைங்க."

கல்யாணத்தின்போது நான் ஒல்லிதான். போட்டோ இருக்கிறது. கடை வைத்த பிறகுதான் உடம்பு வைத்தது. போகிற வீட்டிலெல்லாம் மாவு அரைத்தால் தோசை ஊற்றாமல் விடமாட்டார்கள். வேண்டாமென்று சொன்னால் மாவின்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும். தொழில் தர்மத்துக்காகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, நாற்பது வயதில் நூறு கிலோவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். என் மனைவி பெரியநாயக்கன்பாளையத்துக்காரி. பிறந்ததிலிருந்து இன்றுவரை உடம்பில் சதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் ஏறாதவள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் நடந்தே போய்ச் சேர்ந்துவிடுவாள். நான் உள்ளே நுழைந்த நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏனுங்க, நான் எத்தனை தடவை சொல்லிப்போட்டேன், உடம்பைக் கொறைங்கன்னு?"

"வலிக்கறது மொழங்காலு. அதுக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம் புள்ள?"

"மொழங்காலு உங்க உடம்புலதானுங்க இருக்குது?"

எனக்கு வேறு காரணங்கள் இருந்தன. ஸ்கூட்டரை உதைத்து உதைத்து வந்த வலி என்று முதலில் சொன்னேன். நான் பக்கத்தில் நின்று உதைப்பது இடது கால், வலிப்பது வலது கால் என்று அவள் எடுத்துக்காட்டினாள். வீட்டில் புதிதாகப் போட்ட மொசைக் தரையின் குளிர்ச்சி என்றேன். அதே தரையில் அவளும்தான் நடக்கிறாள். கடைசியில் தண்ணீர் சேரவில்லை என்று சொல்லப் போனேன். "சிறுவாணித் தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்கன்னா நாக்கு அழுகிப்போகுமுங்க" என்றாள். அதோடு காரணங்கள் தீர்ந்துபோயின.

வைத்தியங்கள் தீரவில்லை. கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் முடக்கத்தான் கீரையை அரைத்துத் தோசை ஊற்றிச் சாப்பிட்டால் முட்டிவலி ஓடிவிடும் என்றார். நான் வெட் கிரைண்டர் விற்கிறவன். அரைக்கச் சொன்னால் விடுவேனா? மறுநாளே ஆரம்பித்தேன். கீரை கசக்கும் என்பதால் தோசைமேல் நெய் ஊற்றிக்கொண்டேன். கசப்பு அடங்கத் தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி. இரண்டு தோசையில் மருந்து எங்கே வேலை செய்யப்போகிறது என்று அடுக்கடுக்காகச் சாப்பிட்டேன். பிரண்டைத் துவையல் எலும்புக்கு நல்லது என்று இன்னொருவர் சொன்னார். சுடுசோற்றில் நல்லெண்ணெய் ஊற்றித் துவையலைப் போட்டுப் பிசைந்தால் அது மருந்து மாதிரியே இருக்காது. மருந்து என்று பெயர் வைத்துவிட்டால் எவ்வளவு தின்றாலும் மனது உறுத்துவதில்லை.

சில மாதங்களில் இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. முட்டி மட்டும் அப்படியே இருந்தது. சரியாகச் சொன்னால் இடது முட்டியும் சேர்ந்துகொண்டது.

மனைவி அதற்குமேல் பொறுக்கவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் எலும்பு டாக்டர் ஒருவர் கைராசிக்காரர் என்று விசாரித்து வைத்திருந்தாள். கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரின் கிளினிக் மாடியில் இருந்தது. முட்டிவலிக்காரர்களைப் பார்க்கிற டாக்டர் எதற்கு மாடியில் கடை வைத்தார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. படிக்கட்டில் என்னை மாதிரியே ஆட்கள் ஆங்காங்கே கைப்பிடியைப் பிடித்து நின்று இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள். இறங்கி வருகிறவர்கள் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினார்கள். மலைக்கோயிலுக்குப் போகிற பாதை மாதிரி, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

"இன்னும் சித்த தூரந்தானுங்க. மெதுவா வாங்க."

உள்ளே போனதும் முதலில் டாக்டரின் வயிறுதான் தெரிந்தது. அதற்குப் பின்னால் மேசை, மேசைக்குப் பின்னால் டாக்டர் என்று சொன்னால் மிகை. ஆனால் அப்படித்தான் தோன்றியது. என்னைவிடப் பெரிய உடம்பு. ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். வெளுத்த முகம், நிறைந்த சிரிப்பு. எனக்கு உடனே அவரைப் பிடித்துப்போயிற்று.

எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். மறுபடி கீழே இறங்கி, எடுத்து, மறுபடி ஏறினோம். ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார்.

"இங்க பாருங்க. மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவால சந்து தெரியோணும். அங்கதான் குருத்தெலும்பு மெத்தை மாதிரி இருக்கறது. உங்களுக்குச் சந்தே காணம். மெத்தை தேஞ்சுபோச்சு. எலும்பும் எலும்பும் ஒரசுது. அதான் நெறநெறங்குது."

"ஏனுங்க தேஞ்சுது?"

"வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் தேயுமுங்க. ஆனா உங்க வயசுக்கு இது சாஸ்தி. எடைதானுங்க காரணம். நடக்கறப்ப உங்க எடை மட்டும் முட்டில எறங்கறதில்லை. அதைப் போலப் பல மடங்கு எறங்குது. படி ஏறினா இன்னும் ஏகமா எறங்குது. அத்தனையையும் தாங்கறது இந்தச் சின்ன மெத்தை. எத்தனை நாளைக்குத் தாங்கும்? மாத்திரை தாரேன். அது வலிக்குத்தான். எடை கொறைஞ்சாத்தான் முட்டிக்கு நிம்மதி. கொஞ்சங் கொறைச்சாக்கூட வித்தியாசம் தெரியும்."

என் மனைவி, தான் சொன்ன தீர்ப்பை மேல்கோர்ட்டு உறுதி செய்துவிட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அத்தோடு எழுந்து வந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் எழவில்லை. டாக்டரைத் தலைமுதல் வயிறுவரை ஒரு முறை பார்த்தாள்.

"டாக்டருங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு மொழங்காலு வலிக்கறதில்லீங்களா?"

கதவருகே நின்றிருந்த நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். நான் மாடிப்படியை எப்படி வேகமாக இறங்குவது என்று யோசித்தேன். டாக்டர் நாற்காலியிலிருந்தபடியே திரும்பி, பின்னாலிருந்த அலமாரியிலிருந்து ஓர் எக்ஸ்ரேயை எடுத்து என் எக்ஸ்ரேக்குப் பக்கத்தில் மாட்டினார்.

"எப்படி இருக்குதுங்க?"

எனக்கே தெரிந்தது. என்னுடையதைவிட மோசம்.

"இது யாருதுங்க?" என்றேன்.

"என்னுதுதானுங்க." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "காலைல எல்லாருக்கும் முன்னால வந்து இந்தச் சேர்ல உக்காந்துக்குவேன். பேஷண்டுக எல்லாம் போன பொறகுதான் எந்திரிக்கறது. நான் எந்திரிக்கறதைப் பாத்தா ஒருத்தன் மறுக்கா வரமாட்டான்."

அப்புறம் மூன்று பேரும் சிரித்தோம். நர்ஸும் சேர்ந்துகொண்டார். சிரித்து ஓய்ந்ததும் டாக்டர் என்னிடம் சொன்னார்: "நடக்கோணுமுங்க. சமமான ரோட்டுல, மெதுவா, வலிச்சா உக்காந்து உக்காந்து. எனக்குந் தனியா நடக்கச் சலிப்பா இருக்குது. நாளைக்குக் காலைல ரேஸ்கோர்ஸ் ரோட்டுக்கு வந்துருங்க. சேந்து நடக்கலாம்."

டாக்டரும் பேஷண்ட்டும் சேர்ந்து வைத்தியம் செய்துகொள்வது அப்படி ஆரம்பமானது.

அது கார்த்திகை மாதம். காலையில் நல்ல குளிர். டாக்டர் குல்லாய் போட்டு, கழுத்துவரை மஃப்ளர் சுற்றி வந்தார். குளிருக்கு இல்லை. பேஷண்டுகள் கண்ணில் படக்கூடாது என்பதற்கு. ஆனால் குல்லாய்க்கு வெளியில் நடை தெரிகிறதே! அவர் வாத்து மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து வருவதைத் தூரத்திலேயே பார்த்து, எதிரில் வருகிறவர்களெல்லாம் "குட் மார்னிங் டாக்டர்" என்றார்கள். நான் அதே நடையில் பக்கத்தில் போனேன். இவர் டாக்டருக்குத் தம்பியா என்று சிலர் கேட்டார்கள்.

ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுவரை நடப்போம். உட்காருவோம். பேசுவோம். பேசியதெல்லாம் சாப்பாடு. டாக்டருக்கு அரிசிம்பருப்பு சாதத்தின்மேல் தனிப் பிரியம். குக்கரைத் திறந்ததும் வரும் அந்தச் சீரக வாசம், நடுவில் குழி பறித்து ஊற்றும் நெய், ஓரத்தில் வைக்கும் கட்டித் தயிர் என்று அவர் விவரிக்கும்போது அடுத்த பெஞ்சுவரை எனக்கு வலியே தெரியாது.

அந்தப் பேச்சுதான் எங்களைப் பேக்கரியில் கொண்டுபோய் விட்டது. நாங்கள் சுற்றி முடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. விடிந்ததும் முதல் தட்டுப் பப்ஸ் அடுப்பிலிருந்து வெளியே வரும். "டீ மட்டுந்தான்" என்றார் டாக்டர் முதல் நாள். டீ மட்டும் குடித்தோம். இரண்டாம் நாள், வெறும் வயிற்றில் டீ நல்லதில்லை என்று டாக்டராகவே ஆலோசனை சொன்னார். ஆளுக்கொரு பப்ஸ். வாரக் கடைசியில் தேங்காய் பன்னும் தேன் கேக்கும் சேர்ந்துகொண்டன. நடந்து செரித்துவிடும் என்பது எங்கள் கணக்கு.

எடை பார்ப்பதற்குக் கடையில் கிரைண்டர் கல் நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. ஒரு மாதம் நடந்த பிறகு டாக்டர் கடைக்கு வந்து அதில் ஏறினார். பிறகு நான். இரண்டு பேருமே கூடியிருந்தோம். தராசு பழசு என்றார் டாக்டர். நானும் ஆமோதித்தேன். மனைவியிடம் அதைச் சொன்னபோது அவள் என் மீசையையே பார்த்தாள். அதில் பப்ஸின் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததை அப்புறம் கண்ணாடியில் பார்த்தேன்.

மறுநாள் நடையை முடித்துக்கொண்டு, நடை என்று சொல்ல முடியாது, அதை முடித்துக்கொண்டு நாங்கள் பேக்கரிக்குள் நுழைந்தபோது, எங்கள் வழக்கமான மேசையில் என் மனைவி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

டாக்டர் சமாளித்தார். "அம்மணி! வாங்க வாங்க. நீங்களும் நடக்க வந்தீங்களா?"

"இல்லீங்க டாக்டருங்க. நீங்க நடக்கறதைப் பாக்கலாம்னு வந்தனுங்க. ரோட்டுல தேடினா நேரமாகும்னு நேரா இங்கயே வந்துட்டேன்."

அப்போது பார்த்துப் பேக்கரிக்காரர் எங்களைக் கண்டதும், யாரும் கேட்காமலே, இரண்டு தட்டுப் பப்ஸைக் கொண்டுவந்து வைத்தார். "அண்ணா, தேன் கேக் இன்னும் வரலீங்க. சித்த இருங்க" என்றார்.

என் மனைவி தட்டை அப்படியே பக்கத்து மேசைக்கு நகர்த்தினாள். "நடந்து நடந்து எடை கூடின ஆளுக இந்தக் கோயமுத்தூர்ல நீங்க ரெண்டு பேருந்தானுங்க" என்றாள். டாக்டரின் முகம் சிறுத்துப்போனது. குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மணி, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. தை மாசம் என்ற பொண்ணுக்குக் கல்யாணமுங்க. தாரை வாக்க மணையில உக்காரோணும். சம்மணம் போட்டு, தரையோட தரையா. முன்னால மண்டபம் நெறையச் சொந்தபந்தம், ஒறம்பரை. பாதிப்பேரு என்ற பேஷண்டுக. உக்காந்த மனுசன் எந்திரிக்க மாட்டாமக் கெடந்தா என்னாகும்? பொண்ணு கல்யாணத்துல மானம் போறது ஒரு பக்கம். நாளைக்கு எவன் வந்து என்கிட்ட மொழங்காலைக் காட்டுவான்? நெனச்சா ராத்திரி தூக்கம் வாரதில்லை. தூக்கம் வரலைன்னா பசிக்குது. பசிச்சா..." அவர் பக்கத்து மேசைப் பப்ஸைப் பார்த்தார்.

என் மனைவிக்கு மனது இளகிவிட்டது. ஆனால் அவள் மனது இளகினால் அடுத்தவர்களுக்குச் சோறு குறையும். அன்று மத்தியானமே டாக்டரின் மனைவிக்குப் போன் செய்தாள். இரண்டு பேரும் அதுவரை பார்த்துக்கொண்டதே இல்லை. ஒரே பேச்சில் உடன்பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். அதன்பிறகு எங்கள் வீட்டில் டெலிபோன் மணி அடித்தாலே எனக்குத் திக்கென்று இருக்கும். இங்கே நெய் நின்றால் அங்கேயும் நின்றது. அங்கே சோறு ஒரு கரண்டி குறைந்தால் இங்கேயும் குறைந்தது. ராத்திரிக்குக் களி உருண்டை ஒன்று, அதுவும் எலுமிச்சம்பழம் அளவில். வேகவைத்த பச்சைப்பயறு. தினமும் கொள்ளு ரசம். கொள்ளு கொழுப்பைக் கரைக்கிறதோ இல்லையோ எனக்குத் தெரியாது. காலையில் டாக்டரும் நானும் கொஞ்சம் இடைவெளி விட்டு நடக்கும்படி செய்தது.

நடையோடு சேர்த்து டாக்டர் ஒரு பயிற்சியும் சொல்லித்தந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறக்க வேண்டும். தொடைச் சதை பலமானால் முட்டியின் பாரத்தை அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளுமாம். நான் கடையில் உட்கார்ந்தபடியே செய்வேன். ஒருநாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மாவிடம் விலை பேசிக்கொண்டே காலை நீட்டினேன். எதிரிலிருந்த மாவுச் சட்டியில் பட்டது, சட்டி அவர் பக்கம் கவிழ்ந்தது. அவர் பெண் வீட்டுச் சீருக்குக் கிரைண்டர் வாங்க வந்தவர். மாவோடு திரும்பிப் போனார்.

இருந்தாலும் பலன் தெரிந்தது. பெல்ட்டில் புதிதாகப் போட்ட ஓட்டையை விட்டுப் பழைய ஓட்டைக்கு வந்தேன். காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது வருகிற அந்தக் கத்தி செருகுவது போன்ற வலி மெல்ல மெல்ல மழுங்கியது. ஒருநாள் டாக்டரின் மாடிப்படியில் நேராகப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். ஏறிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி நின்று மரியாதையோடு பார்த்தார்கள்.

கல்யாணத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கையில் டாக்டர் ஒத்திகை பார்க்க ஆசைப்பட்டார். வீட்டிலிருந்து மணைப்பலகை ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தார். சாயங்காலம், வெளியே பேஷண்டுகள் காத்திருக்க, அறைக் கதவைச் சாத்திக்கொண்டோம். பலகையைப் போட்டார். மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, மெதுவாக உட்கார்ந்தார். உட்கார்ந்தே விட்டார்!

"எப்படிங்க?" என்றார் பெருமையாக.

"மாப்பிள்ளையே தோத்தாருங்க. இப்ப எந்திரிங்க."

எந்திரிக்கவில்லை. முன்னால் சாய்ந்து பார்த்தார். பின்னால் சாய்ந்து பார்த்தார். நான் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தேன். அவர் கொஞ்சம் கிளம்பினார். நானும் கொஞ்சம் கிளம்பினேன், ஆனால் அவர் பக்கமாக. அடுத்த நிமிடம் நானும் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தேன். எடை குறைந்திருந்தது உண்மைதான். அந்த அளவுக்குக் குறையவில்லை.

இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு, எதிரெதிரே, இப்போது யார் முதலில் எழுவது என்று யோசித்துக்கொண்டிருக்கையில் கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினார். எங்களைப் பார்த்தார். தொழிலில் பழுத்த அம்மா அவர். முகம் மாறவில்லை.

"டாக்டர், அடுத்த ஆளை அனுப்பட்டுங்களா, இல்ல, தூக்கறதுக்கு ஆளை அனுப்பட்டுங்களா?"

அன்று வீட்டில் நடந்ததைச் சொன்னபோது மனைவி சிரித்து முடிக்கவே வெகு நேரமாயிற்று. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்க, மணையை ஒசரமா வெச்சா என்னங்க? முக்காலி மாதிரி ஒண்ணு செஞ்சு, பட்டுத்துணி போட்டு மூடிட்டா ஆருக்குத் தெரியப்போவுது?"

இவ்வளவு எளிதான யோசனை எங்கள் இருவருக்கும் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. டாக்டரிடம் சொன்னேன். அவருக்கும் பிடித்திருந்தது. ஆனால் தயங்கினார். "சம்பந்தி வீட்ல என்ன சொல்லுவாங்களோ. மாப்பிள்ளையோட அப்பா ரொம்ப ஆசாரம் பாக்கறவருன்னு கேள்வி. அவரு தரையில உக்காந்திருக்க நான் மட்டும் ஒசரத்துல உக்காந்தா மரியாதையா இருக்குமுங்களா? அவர்கிட்ட எப்படிக் கேக்கறது?" கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று நாளைக் கடத்தினார். முக்காலியை மட்டும் ஆசாரியிடம் சொல்லிச் செய்துவிட்டோம். செய்தது செய்தபடி மண்டபத்துச் சாமான் அறையில், பூசணிக்காய்களுக்குப் பின்னால் இருந்தது.

கல்யாணத்தன்று விடிகாலை. நான் வாசலில் பன்னீர்ச் செம்பை வைத்துக்கொண்டு நின்றேன். மதுக்கரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேன்களில் வந்து இறங்கினார்கள். முதல் வேனின் முன்சீட்டிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா இறங்கத் தொடங்கினார். நான் அவரை அதுவரை பார்த்ததில்லை. முதலில் ஒரு கால் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கால் வந்தது. பிறகு இரண்டு பேர் பிடிக்க, மிச்சமெல்லாம் வந்தது. நானும் டாக்டரும் அவருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

என்னைப் பெண்ணுக்குச் சித்தப்பா என்று நினைத்துவிட்டார். உடம்பைப் பார்த்து வந்த முடிவாக இருக்கும். பன்னீர் தெளித்ததும் என் தோளில் கையை வைத்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். நீங்கதான் சம்பந்திகிட்டப் பக்குவமாச் சொல்லோணும். எனக்குத் தரையில உக்கார ஆவாதுங்க. மொழங்காலு ரெண்டும் போச்சு. ஒசரமா ஏதாச்சும் போட்டுக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும். சம்பந்தி டாக்டரு. அதுவும் எலும்பு டாக்டரு. என்ன நெனைப்பாரோன்னு நெனச்சு நெனச்சு ராத்திரி பூராக் கண்ணு மூடலீங்க."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க, கையிலிருந்த பன்னீரை என் முகத்திலேயே கொஞ்சம் தெளித்துக்கொண்டேன். "நான் பாத்துக்கறனுங்க" என்றேன். டாக்டரிடம் ஓடினேன். ஓடினேன் என்று எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது, அன்று நான் உண்மையாகவே ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் டாக்டர் அப்படியே கண்ணை மூடிக் கைகூப்பினார். பிறகு, இருப்பது ஒரு முக்காலிதானே என்று பதறினார். மண்டபத்துச் சமையல்காரர் உட்கார்ந்து காய் நறுக்கும் முக்காலியை வாங்கிக் கழுவி, அதற்கும் ஒரு பட்டுத்துணி போட்டோம்.

சம்பந்திகள் இருவரும் முக்காலிகளில் கம்பீரமாக உட்கார்ந்தார்கள். டாக்டர் தாரை வார்த்தார். கீழே உட்கார்ந்திருந்த புரோகிதர் அவர்களை அண்ணாந்து பார்த்து மந்திரம் சொன்னார். அதைப் பார்த்ததும் முன்வரிசையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. "ஏனுங்க, எனக்கும் ஒரு சேர் போடச் சொல்லுங்க" என்றார் ஒருவர். "அப்பிடியே எனக்கும்" என்றார் இன்னொருவர். தாலி கட்டுவதற்குள் ஜமக்காளம் பாதி காலியாகிவிட்டது. இத்தனை நாளாக இத்தனை பேர் வலியை வேட்டிக்குள் மறைத்து வைத்துக்கொண்டிருந்தார்கள் என்று அன்றுதான் தெரிந்தது.

பந்தியில் டாக்டருக்கு ஒரு பக்கம் சம்பந்தி, இன்னொரு பக்கம் நான். மேசைப் பந்திதான், கவலையில்லை. என் மனைவியும் டாக்டரின் மனைவியும் எதிரே நின்று மேற்பார்த்தார்கள். எங்கள் இலைகளில் ஒப்புட்டு என்கிற பருப்புப் போளி பாதிப் பாதியாக விழுந்தது. சம்பந்தியின் இலையில் முழுசாக, நெய்யோடு, திரும்பத் திரும்ப விழுந்தது. டாக்டருக்குப் பொறுக்கவில்லை. உறவு புதிது என்பதால் பணிவாகத்தான் தொடங்கினார்.

"சம்பந்தி, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. எடையைக் கொஞ்சங் கொறைச்சீங்கன்னா மொழங்காலுக்கு நல்லதுங்க."

சம்பந்தி கையில் இருந்த ஒப்புட்டை வாயில் போட்டு, மென்று, விழுங்கி, நிதானமாகப் பதில் சொன்னார்:

"டாக்டருங்க, இது எடையில வந்ததில்லீங்க. நாங்க மதுக்கரை. பொறந்ததுல இருந்து சிமெண்ட்டு ஃபேக்டரித் தூசிக்குள்ள கெடக்கறோம். அந்தத் தூசி உள்ள போயிப் போயி, வேர்வைல நனைஞ்சு, முட்டிக்குள்ள கட்டிப்போச்சுங்க. வேற ஒண்ணும் இல்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

அந்த வருடம் நான் ஒரு பத்துக் கிலோவுக்குமேல் குறைந்தேன். பிறகு கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது. தேய்ந்த மெத்தை தேய்ந்ததுதான், அது திரும்ப முளைக்காது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் வலி பாதியாகக் குறைந்து, பெரும்பாலான நாட்களில் அதை மறந்துவிட்டு வேலை பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டேன். வாடிக்கையாளர் வீட்டில் தரையில் உட்காருவதில்லை. ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிக்கொள்வேன். தோசை ஊற்றினால் ஒன்று. டாக்டரும் நானும் தொண்ணூறுகள் முடியும்வரை ரேஸ்கோர்ஸில் நடந்தோம். அவர் குல்லாயை விட்டுவிட்டார்.

அப்படிச் சில வருடங்கள் போன பிறகு, ஒரு மழைக்காலத்தில் என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். அடுத்த வாரம் படி இறங்கும்போது பக்கவாட்டில் இறங்கினாள். எனக்குத் தெரியாத நடையா அது? அவள் அப்போதும் ஒல்லிதான். அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இந்த முறை நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

டாக்டர் எக்ஸ்ரேயை மாட்டிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டருங்க," என்றாள் அவள், "எனக்குத்தான் எடையே இல்லீங்களே? நான் என்னத்தைக் கொறைக்கறது?"

"எடை ஒரு காரணமுங்க அம்மணி. அதுவே எல்லாமும் இல்லீங்க. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும்." டாக்டர் என்னைப் பார்த்தார், உதவி கேட்கிற மாதிரி. நான் உதவவில்லை. "உங்களுக்கு வந்தது வயசுனாலங்க."

"என்னதுங்க?"

"வயசு... வயசாச்சுல்லீங்க."

என்னை நூறு கிலோ என்று சொன்னபோதுகூட எனக்கு வராத கோபம் அவளுக்கு வந்தது. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "வயசுங்களா? ஆருக்கு?" என்று கேட்டாள். டாக்டர் மாத்திரைச் சீட்டை நீட்டிக்கொண்டே இருந்தார். அவள் அதற்குள் கதவைத் தாண்டி, கைப்பிடியைத் தொடாமல், நேராக, மடமடவென்று மாடிப்படி இறங்கிப் போய்விட்டாள். வலித்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

நான் டாக்டரிடமிருந்து சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என் வேகத்தில் இறங்கினேன்.